கோதுமைச் சோறு பொங்கிக் காட்டிய விவரம்

பள்ளிபாளையம்,
விய வருஷம் ஆனி 14, வெள்ளிக்கிழமை.

பெரியநாயகிக்குக் காளியப்பன் எழுதிக்கொண்டது.

நான் நல்லபடியாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமை உனக்கு வந்துவிடும். நாலு மாதமாக அந்தச் சிரமத்தை உனக்கு நான் கொடுத்ததில்லை, இப்போதும் கொடுக்க மாட்டேன்.

சாரதாமணி, இதை நீதான் உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாய். மாப்பிள்ளை ஆபீசுக்குப் போன பிறகு வாசி. போன கடிதத்தில் நாலு இடத்தில் பிழை இருந்ததாக அவர் சொன்னார் என்று எழுதியிருந்தாய். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல், சுவரில் கரியால் எழுதி எழுதி நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து இது. நாலே இடத்தில்தான் பிழை என்றால் அது எனக்குப் பெருமைதான் என்று அவரிடம் சொல்.

முதலில் முக்கியமான சேதி. நான் சேலத்துக்கு வரப்போவதில்லை. ஆடி பிறப்பதற்குள் எனக்கு வேலை எதுவும் அமையாவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு அஸ்தம்பட்டிக்கு வந்து உங்களோடு இருந்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். முடிவு பண்ணியது நீங்கள் மூன்று பேரும். என்னை யாரும் கேட்கவில்லை. மறுத்து எழுதவும் எனக்கு வாய் இல்லாமல் இருந்தது. பின்கட்டில் ஓர் அறை ஒழித்து வைத்திருப்பதாகவும் அதில் ஜன்னல் இருப்பதாகவும் சொல்லியிருந்தார். நல்ல மனிதர். ஆனால் மகளைக் கொடுத்த வீட்டில் உட்கார்ந்து மூன்று வேளையும் வட்டிலுக்கு முன்னால் காத்திருப்பதற்கு எனக்கு உடம்பு வணங்காது. அந்த அறையில் விறகு அடுக்கிக்கொள்ளட்டும். எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

அது கிடைத்த விதத்தைத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கும் நோம்பிக்கும் இத்தனை பேருக்கு மேல் இலை போடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு வந்த நாள் முதல் என் பிழைப்பு எப்படிப் போயிற்று என்று உனக்குத் தெரியும். ஆயிரம் பேர் பந்திக்கு உலை வைத்தவனை முப்பது பேருக்குச் சமைக்க யார் கூப்பிடுவார்கள்? வீட்டுப் பெண்களே பொங்கி இறக்கிவிடுகிறார்கள். என் செம்பு அண்டாக்கள் கவிழ்த்து வைத்தபடியே களிம்பேறிக் கிடந்தன.

தறிக்காரர்கள் பாடு அதைவிட மோசம். நூல் வராமல் பாதித் தறி நிற்கிறது. அவர்களுக்காகச் சந்தைப்பேட்டையில் ஒரு கஞ்சித்தொட்டி திறப்பது என்று தீர்மானம் ஆயிற்று. ஆனால் அரிசி கிடையாதாம், கோதுமைதானாம். ரேஷனில் போடுகிற கோதுமையை இந்த ஊரில் யார் தின்கிறார்கள்? அரிசி போலவே உலையில் போட்டு, அரைவேக்காட்டில் விழுங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிறகு கன்றுக்குட்டிக்கு வைத்தார்கள்.

ஜனங்களைப் பழக்குவதற்காக இந்த ஆனி பிறந்ததும் பட்டணத்திலிருந்து ஓர் அம்மாளைக் கூட்டிவந்து கோதுமை ரொட்டி செய்து காட்டச் சொன்னார்கள். படித்த அம்மாள், நல்ல மாதிரிதான். மேஜை போட்டு ஸ்டவ் மூட்டினார். மாவைப் பிசைந்து ஊற வைத்துவிட்டு, நேரம் மிச்சமாகட்டும் என்று, ஏற்கனவே ஊறிய வேறு மாவை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்தார். ‘பாத்தியா, மாத்திப்போட்டா’ என்று கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வைத்த கூட்டுக்கு உப்புப் பார்த்த கரண்டியை நாக்கிலிருந்து எடுத்துத் திரும்பச் சட்டியிலேயே விட்டார். அவ்வளவுதான். எச்சில் சட்டியில் ஒருத்தர் கை வைக்கவில்லை. அந்த அம்மாள் கண் கலங்கி வண்டி ஏறியதை நான் பார்த்தேன். பாவமாகத்தான் இருந்தது.

மறுநாளே சப்ளை ஆபீசரிடம் போய், நான் பொங்கிக் காட்டுகிறேன் என்றேன். எங்கே படித்தீர் என்று கேட்டார். எங்கும் படிக்கவில்லை, யாரிடமும் கை கட்டி நிற்கவில்லை, எல்லாம் நானாகக் கற்றது என்றேன். அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஜனங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டால் கஞ்சித்தொட்டிக்கு நான்தான் சமையல்காரன் என்றும், சாப்பிடாவிட்டால் தொட்டியே திறக்கப்போவதில்லை, கோதுமை வேறு தாலுகாவுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். ஒரு பானை முன்கூட்டியே பொங்கி எடுத்துவந்தால் கூட்டத்தைக் காக்க வைக்க வேண்டியதில்லை என்று யோசனையும் சொன்னார். ‘மூடி வெச்சுத் தொறந்து காட்டறதுக்கு நான் என்ன மோடி மஸ்தானுங்களா?’ என்று கேட்டுவிட்டு வந்தேன்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேனே தவிர, கோதுமையை எப்படிப் பொங்குவது என்று எனக்குத் தெரியாது.

சாரதாமணி, இனி வருவதை நிறுத்தாமல் வாசி. உன் அம்மா எழுந்து போனால் பின்னாலேயே போய் வாசி.

மாசியில் முதல் தடவை ரேஷனில் கோதுமை போட்டபோது நீ அதைக் கம்பு போல இடித்துச் சோறாக்கி வைத்தாய். நான் வட்டிலைத் தள்ளினேன். கோழித்தீனி என்றேன். நாற்பது வருஷம் பந்தி போட்டவனுக்கு நீ பொங்கச் சொல்லித் தருகிறாயா என்றும் கேட்டேன். அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் நின்றதுதான் உனக்குத் தாங்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. மறுநாள் சேலம் போகிற கரி பஸ்ஸில் ஏறிவிட்டாய். வட்டிலைத் தள்ளியதைப் பற்றி நான் இங்கே ஒன்றும் எழுதப்போவதில்லை. நீ பஸ் ஏறியது தப்பு. அது என் அபிப்பிராயம், மாறாது.

எனக்கு ஒன்பது நாள் அவகாசம் இருந்தது. முதல் நாள் முழுக் கோதுமையை உலையில் போட்டேன். காலையில் போட்டது உச்சிப்பொழுதுக்கும் கடுக்கென்றே இருந்தது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் அப்படியே திருகையில் உடைத்துப் பொங்கினேன். தவிடு தொண்டையில் குத்தியது. நாலாம் நாள் ஒன்றும் செய்யவில்லை. அறையையும் ஜன்னலையும் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ அன்று செய்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு முன்கட்டில் இருந்தேன். ஆனால் காது இருந்ததே. நீ முறத்தில் தண்ணீர் தெளித்தது கேட்டது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. வேறு வேலைக்குப் போய்விட்டாய் என்று அன்று நினைத்தேன். பிறகு உலக்கை விழுந்தது, முதலில் மந்தமாக, போகப் போகக் கலகலவென்று. ஐந்தாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. நீ சும்மா இருந்த அந்த நேரம்தான் பக்குவம். தண்ணீர் மேல்தோலுக்குள் இறங்க வேண்டும், பருப்புக்குள் இறங்கக்கூடாது. அந்த இடைவேளையில் உலக்கையைப் போட்டால் தோல் தனியாகக் கழன்று வருகிறது. கோதுமை நம் கம்புக்கு அண்ணன்தான். கம்பு இடித்து வளர்ந்த இந்த ஊரில் அதை அரிசிக்குத் தம்பியாக நினைத்து எல்லோரும் ஏமாந்தோம். எட்டாம் நாள் நான் பொங்கியதை நானே இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது என்பதை நீ மறந்துவிடக்கூடாது.

முந்தாநாள் புதன்கிழமை காலையில் சந்தைப்பேட்டையில் பொங்கிக் காட்டினேன். விடிந்ததும் போய், மூன்று கல் கூட்டி, நாற்பது வருஷ வழக்கப்படி அடுப்பைச் சுற்றி நாலு பக்கமும் தென்னங்கீற்றுத் தட்டியை நிறுத்திக் கட்டினேன். விருந்துச் சோறு பொங்கும்போது ஒரு கண்ணும் படக்கூடாது, பட்டால் அடி பிடிக்கும், இல்லாவிட்டால் பந்தியில் குறையும். இது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் வந்தது. இருநூறு பேர் இருக்கும், ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். எல்லோருக்கும் தெரிந்தது கீற்றும் அதற்கு மேலே கிளம்பிய புகையும்தான்.

ஆபீசர் தலையில் கை வைத்துக்கொண்டார். பார்ப்பதற்குத்தானே ஜனங்களைக் கூட்டியிருக்கிறோம், தட்டியை எடுங்கள் பெரியவரே என்றார். மறைப்பு இல்லாமல் நான் அடுப்புப் பற்ற வைத்ததே இல்லை, எடுக்க மாட்டேன் என்றேன். அதற்குள் மேட்டுத்தெருக் காளியாத்தாள் எழுந்துவிட்டாள். உனக்குத் தெரிந்தவள்தான், கிணற்றடியில் வாயைத் திறந்தால் குடம் நிறைந்த பிறகும் மூடாதவள். ‘ஏனுங்க மாமா, கோதுமை பெரிய மனுசி ஆயிப்போச்சுங்களா? குச்சுக் கட்டி உள்ளார உக்கார வெச்சிருக்கீங்க! தாய்மாமன் சீரு யாருங்க கொண்டாரது?’ என்று கேட்டாள். சந்தைப்பேட்டையே சிரித்தது. சிரிப்பை நான் பொறுத்துக்கொண்டேன். ஆண்கள் பக்கத்திலிருந்து, ‘அந்தம்மா மேசைக்கு அடியில மாத்துச்சு, இவரு தட்டிக்கு உள்ளாரயே மாத்திப்போடுவாரு’ என்று ஒருவன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. நானா மாற்றுகிறவன்?

பெண்கள் பக்கத்துத் தட்டியை மட்டும் அவிழ்த்துத் தரையில் போட்டேன். மற்ற மூன்று பக்கமும் அப்படியே நின்றது. ஆண்கள் கத்தினார்கள். ‘உலைக்கு உப்புப் போடத் தெரியாத ஆம்பளைக என்னத்தைப் பாக்கோணும்? பொங்கறவிய பாத்தாப் போதும்’ என்று சொல்லிவிட்டேன். பெண்கள் சிரித்துக்கொண்டே அடுப்பு வரைக்கும் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்கள். கண் வைத்துவிடாதீர்கள் என்றேன். ‘கன்னுக்குட்டி தின்னாத பண்டத்து மேல எவ கண்ணு வெப்பா மாமா?’ என்றாள் காளியாத்தாள். சர்க்காராயிற்றே என்று ஆபீசருக்கும் ஓர் ஓரமாக இடம் விட்டேன்.

கல் பொறுக்கி, முறத்தில் பரப்பி, தண்ணீர் தெளித்துப் பிசறி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏன் நிறுத்திவிட்டீர் என்று ஆபீசர் பதறினார். எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். கடிகாரத்து நிமிஷம் சொன்னால் யாருக்குத் தெரியும்? ‘ஒரு வெத்தலை போட்டு மென்னு துப்பற நேரமுங்க’ என்று சொல்லி, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொண்டேன். நான் வெற்றிலை மெல்வதை அத்தனை பெண்களும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள். ஆண்கள் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். எழுந்து போய்த் துப்பி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து உலக்கையைப் பிடித்தேன்.

பத்துக் குத்து விழுவதற்குள் காளியாத்தாளுக்குப் பொறுக்கவில்லை. ‘நீங்க இடிச்சா ஒரலுதான் தேயும், ஒலக்கைய இக்கட்ட குடுங்க’ என்று பிடுங்கிக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் மாற்றிப் போட்டார்கள். தவிடு செதில் செதிலாகக் கழன்றது. அவர்களே புடைத்தார்கள், அவர்களே திருகையில் உடைத்து நொய்யும் மாவுமாகச் சலித்தார்கள். கையால் தொட்டவர்களுக்கு நான் வாயால் சொல்ல வேண்டியது குறைந்துபோயிற்று. நொய்யை முதலில் உலையில் விட்டு, அது மலர்ந்த பிறகு மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறி, தணல் மேல் மூடி வைத்தேன். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. உப்பை வாசத்திலேயே தெரிந்துகொண்டேன். பக்கத்து அடுப்பில் கொள்ளுக் கடைசல். எல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை.

இலை போட்டோம். ஒருவரும் உட்காரவும் இல்லை.

முதல் இலைக்கு யார் போவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது காளியாத்தாள் கேட்டாள். ‘இதைய உங்களுக்கு ஆருங்க மாமா சொல்லிக் குடுத்தது?’ யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானாகக் கற்றது என்றேன். அவள் விடவில்லை. ‘நெசமாச் சொல்லுங்க. விருந்துல அரிசி களைஞ்சவருக்குத் தண்ணி தெளிச்சுக் காத்துக் கெடக்கற பக்குவம் எப்படித் தெரியும்? ஆபீசரு காயிதத்துல எழுதிக் குடுத்தாருங்களா? காயிதத்துச் சோறுன்னா எங்களுக்கு வேண்டாஞ் சாமி. போன தடவ ரேசன் கடையில குடுத்த காயிதத்தப் பாத்து ஆக்கித் தின்னுபோட்டு எங்கூட்டுக்காரரு ஏழு நாளு பாயை விட்டு எந்திரிக்கல’ என்றாள். ஆமாம் ஆமாம் என்று பின்னால் குரல்கள் வந்தன. நாலைந்து பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். ஆபீசர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். நான் கரண்டியோடு நின்றேன். இன்னும் இரண்டு நிமிஷம் பேசாமல் நின்றிருந்தால் நான் அஸ்தம்பட்டிக்காரன்.

அப்போது நான் சொன்னதை ஊரார் யாராவது வந்து உன்னிடம் சொல்லத்தான் போகிறார்கள். கையும் காலும் வைத்துச் சொல்வார்கள். அதற்கு முன்னால் உள்ளதை உள்ளபடி நானே எழுதிவிடுகிறேன். ‘இது என்ற ஊட்டுப் பக்குவம். பெரியநாயகி மாசியில ஆக்குனா. நான் பாக்கக்கூட இல்ல, காதுல கேட்டுக் கத்துக்கிட்டேன்’ என்று சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கேட்கவில்லை என்று சத்தம் போட்டார்கள். அதனால் உரக்க இன்னொரு தடவை சொன்னேன். ஆக இரண்டு தடவை.

காளியாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ‘அக்கா பக்குவமுங்களா? அட, இதைய மொதல்லயே சொல்றதுக்கு என்னங்க மாமா கேடு? காச்சல்ல கெடந்த என்ற மூத்தவ அக்கா கைக் கம்பஞ்சோத்துலதான எந்திரிச்சா!’ என்று சொல்லி முதல் இலையில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை உட்கார்ந்தது. பிறகு ஆண்கள் மிச்சமிருந்த தட்டிகளையும் பிய்த்துப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் எல்லாம் பொங்கி முடிந்துவிட்டதால் நானும் தடுக்கவில்லை. கடைசியில் வந்தவர்களுக்கு அடி சுரண்டித்தான் போட்டேன். ஒரு கிழவர் மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே, பல் இல்லாதவனுக்கும் இறங்குகிறது என்று சொன்னார். நாற்பது வருஷத்தில் எத்தனையோ பந்தி பார்த்துவிட்டேன். எடுத்த இலையில் பருக்கை மிஞ்சியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தது இந்தப் பந்தியில்தான். அன்று வீட்டுக்கு வந்து படுத்தவன் பொழுது இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று.

வருகிற திங்கட்கிழமை கஞ்சித்தொட்டி திறக்கிறார்கள். தினம் முந்நூறு பேர். என் இரண்டு அண்டாக்களையும் ஈயம் பூசக் கொடுத்திருக்கிறேன். இடிக்க ஆறு பெண்களை எடுத்தாயிற்று, காளியாத்தாளும் ஒருத்தி. அவர்களுக்குப் பக்குவம் பார்த்துச் சொல்ல மேலே ஓர் ஆள் வேண்டுமாம். அந்தப் பக்குவக்கார அம்மாள் எங்கே என்று ஆபீசர் கேட்டார். சேலத்தில் மகள் வீட்டுக்கு ஒரம்பரை போயிருக்கிறாள் என்றேன். எப்போது வருவார் என்று கேட்டார். அண்டாவுக்கு ஈயம் பூசுகிற கூலியைப் பற்றிப் பேச்சை மாற்றினேன். வேறு யாரையாவது போடலாமா என்று கேட்டதற்கு மட்டும், கூடாது என்று சொன்னேன். அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது. இடம் காலியாக இருக்கிறது என்று தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். கூப்பிட்டதாக யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.

பொதுவாக ஒன்று சொல்லி வைக்கிறேன். கரிப்புகையில் ஓடுகிற அந்த பஸ் சங்ககிரி மேட்டில் ஏறாமல் நின்று, இறங்கித் தள்ளச் சொல்கிறார்களாம். வயசான பொம்பளைக்கு அது ஆகாது. சேலத்தில் காலை ரயில் ஏறினால் காவேரி ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம், அங்கிருந்து நம் வீடு எட்டுகிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜோலி இருக்கிறது.

மாப்பிள்ளைக்கும் சாரதாமணிக்கும் அம்மன் குறைவில்லாத வாழ்வு கொடுக்கட்டும். அறை ஒழித்து வைத்ததற்காக அவரிடம் என் நமஸ்காரத்தைச் சொல். அது மனசாரச் சொல்வது.

சாரதாமணி, இதை வாசித்து முடித்ததும் உன் அம்மா என்ன சொன்னாள் என்று உடனே ஒரு கார்டு போடு. திட்டினால் திட்டியபடியே எழுது, நீயாக எதையும் குறைக்காதே. ஒன்றுமே சொல்லவில்லை என்றால், ஒன்றும் சொல்லவில்லை என்றே எழுது. நான் வீட்டில் இருந்தாலும் சந்தைப்பேட்டையில் இருந்தாலும் தேடி வந்து கையில் கொடுக்கும்படி தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பெரியநாயகி வீட்டுக்காரன்
காளியப்பன்.